கை படாத ஆய்வகம்

இடது, ஐந்து டிகிரி. திருப்புகிறேன். திருப்பத்தானே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். மேசை மேலிருக்கும் லேப்டாப் டொக்கென்று ஒரு சத்தம் போடும், திரையில் இடது என்றோ வலது என்றோ வரும், பக்கத்தில் எத்தனை டிகிரி என்று வரும், நான் ஸ்பெக்ட்ரோமீட்டரின் டெலஸ்கோப்பைப் பிடித்து அவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும். வெடுக்கென்று நகர்த்தக் கூடாது, மோட்டார் அப்படிச் செய்யாது. பாதியில் நிறுத்தக் கூடாது, மோட்டார் நிறுத்தாது. தும்மக் கூடாது, விரல் நிழல் கேமராவில் விழக் கூடாது, வளையல் கூடாது; கழற்றிக் கைப்பையில் போட்டிருக்கிறேன். தூத்துக்குடியில் தன் வீட்டிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ உட்கார்ந்து ஒரு பெண் பொத்தானை அழுத்துகிறாள். தான் அழுத்துவதால் இங்கே மோட்டார் சுழல்கிறது, டெலஸ்கோப் நகர்கிறது, கேமரா வழியாகச் சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு தன் கண்ணுக்கு வந்து சேர்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். வீட்டிலிருந்தே இயற்பியல் செய்முறை. தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்ஸி. படிக்கிறவர்கள் பஸ் ஏறி வர வேண்டாம், வேலைக்கு லீவு போட வேண்டாம், இணையம் இருந்தால் போதும், கருவி உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படியும். விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கீழ்ப்படிகிற கருவிக்கு நாற்பத்தேழு வயது, மூட்டு வலி, பெயர் பொற்கொடி. மோட்டார் எரிந்து நாலு மாதம் ஆகிறது.

இடது, ஐந்து டிகிரி. இன்னொரு ஐந்து. திருப்புகிறேன். பத்தரை மணிக்கு இயக்குநர் நடனசபாபதி சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இன்னிக்கு நீங்க லீவு என்றார். அப்ப வீட்டுக்குப் போகலாமா சார் என்று கேட்டேன், அசடு மாதிரி. சிரித்தார். வருகைப் பதிவேட்டில் எனக்கு லீவு போட்டாகிவிட்டதாம். படிப்பைப் பார்வையிட வந்திருக்கிற குழுவில் யாராவது பதிவேட்டைப் புரட்டி, ஆய்வக உதவியாளர் எங்கே என்று கேட்டால், ஆளே வரவில்லை, ஆனாலும் ஆய்வகம் ஓடுகிறது பாருங்கள் என்று காட்டலாமாம். பத்தொன்பது வருஷ வேலையில் நான் இல்லாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அம்மா செத்ததற்குக்கூட மூன்று நாள்தான் போட்டேன், இன்றைக்கு நான் இங்கே இருக்கும்போதே நான் இல்லை. பாத்ரூம் போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க என்றார், ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குச் சொல்வதுபோல. பிறகு வெளியே பூட்டுப் போட்டார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகப் போட்டார், அதற்குத்தான் இன்னும் வயிறெரிகிறது. தெரிந்தே பூட்டுகிறவன் சத்தமாகப் பூட்டலாமே. குழுவில் யாராவது தப்பித் தவறிக் கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது, ஒரு நாற்பத்தைந்து நிமிஷம் பொறுத்துக்குங்க என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். சாவி அவர் சட்டைப் பையில். தீப்பிடித்தால்? சோடியம் விளக்கு சூடேறிக் கொதிக்கிறது, கறுப்புத் திரை நாலு பக்கமும் தொங்குகிறது, பழைய வயர், தீப்பிடித்தால் நான் லீவில் இருப்பேன்.

இடது, ஒரு டிகிரி. சுவருக்கு அந்தப் பக்கம் கருத்தரங்கக் கூடம். அவர் மைக்கில் பேசுவது செங்கல் வழியாகக் கேட்கிறது, வார்த்தைகள் கொஞ்சம் நனைந்த மாதிரி. மனிதக் கை படாமல் என்கிறார். முழுவதும் மனிதக் கை படாமல். அப்பளப் பாக்கெட்டில் போடுவார்களே அந்த மாதிரி. வந்திருக்கிற மூன்று பேரும் பெரிய திரையில் இந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சரி என்று எழுதிக் கொடுத்தால் இந்தப் படிப்பு இன்னும் ஐந்து வருஷம் ஓடும், இதே மாதிரி இன்னும் நாலு ஆய்வகம் வரும், சாருக்கு அடுத்த நாற்காலி வரும். பிப்ரவரியில் மோட்டாரிலிருந்து கருகின வாடை வந்தது. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன், நான்தான் கடிதம் எழுதினேன், கடிதம் எழுதினதற்கு நகல்கூட வைத்திருக்கிறேன். அடுத்த வாரமே இருநூற்று முப்பது பேருக்கு நேரம் கொடுத்திருந்தது. ரெண்டு நாளைக்குக் கையால சமாளிங்க பொற்கொடி, புது மோட்டார் வந்துடும் என்றார். ரெண்டு நாள். எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒளிந்திருந்து பொம்மை ஆட்டுவதுபோல. ரெண்டு நாள் ரெண்டு வாரமாச்சு, யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்காததால் மோட்டார் வரவில்லை. நன்றாகச் செய்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. முதல் நாளே கை நடுங்கியிருந்தால், கோடு துள்ளியிருந்தால், நாலு பேர் புகார் எழுதியிருப்பார்கள், மோட்டார் வந்திருக்கும். என் கை சுத்தமான கை. அந்தக் கையை அவர் கண்டுபிடித்துக்கொண்டார்.

வலது, ஒரு நிமிடம். இது மணிக்கணக்கில் வரும் நிமிடமில்லை, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்கென்று டெலஸ்கோப்பின் பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது, அதை மயிரிழை திருகினால் போதும். திருகுகிறேன். கழுத்துக்குப் பின்னால் அனல் ஏறுகிறது, இந்த வயசில் வருகிற அனல், நேரங்காலம் பார்க்காமல் வரும், முதுகிலிருந்து புறப்பட்டுக் காது மடல்வரை ஏறும். மின்விசிறி போடக் கூடாது, திரை ஆடினால் வெளிச்சம் உள்ளே வரும். வேர்வை மூக்கு நுனியில் நிற்கிறது, துடைக்க இடது கைதான் இருக்கிறது, அதில் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருக்கிறேன், தலைப்பு கருவி மேல் படக் கூடாது. கோடு மட்டும் அழகாக இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும். எத்தனை ஆத்திரத்திலும் அது அழகாகத்தான் இருக்கிறது, கறுப்புக்கு நடுவில் மஞ்சளாக ஒரு நூல். நான் பி.எஸ்ஸி. படிக்கும்போது இதைப் பார்த்ததே இல்லை. பத்துப் பெண்களுக்கு ஒரு கருவி, விளக்கு சூடாவதற்குள் மணியடித்துவிடும். ரீடிங் வராதவர்கள் இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று மிஸ் கரும்பலகையில் எண்களை எழுதிப் போடுவார். எல்லோரும் எழுதினோம். எல்லோருக்கும் ஒரே விடை, எல்லோரும் பாஸ். கண்ணால் பார்க்காததைக் கண்டதாக எழுதினவள் நான். எனக்குப் பட்டம் கொடுத்தார்கள், அந்தப் பட்டத்தை வைத்து இந்த வேலை கொடுத்தார்கள், வேலைக்கு வந்த மூன்றாம் நாள்தான் முதன்முதலில் கோட்டைப் பார்த்தேன், அன்றைக்கு யாருமில்லாத ஆய்வகத்தில் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்டதைக் கண்டபடி எழுதினவன் என்ன ஆனான்? வேண்டாம். அங்கே போகாதே. இடது, ஒரு நிமிடம். திருகு.

போகாதே என்றால் நிற்கிறதா. சேர்மக்கனி. கயத்தாறு பக்கம் காற்றாலைக்குக் காவல் இருக்கிறவர், முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயசிருக்கும், ஆறாவது வருஷமாக மூன்று வருஷப் படிப்பை இழுத்துக்கொண்டிருந்தவர், இதோடு பதிவுக்காலம் முடிகிறது, இந்தச் செய்முறை ஒன்றுதான் பாக்கி. பட்டம் இருந்தால் காவலிலிருந்து மேலே கருவிகள் பக்கம் எடுத்துக்கொள்வதாக அவர்கள் கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, எனக்குக் காய்ச்சல், அன்றைக்குக் காலையிலிருந்து அவர் ஏழாவது ஆள். இடது பக்கத்துக் கோணத்தை எடுத்தார். வலது பக்கம் போகச் சொன்னார். நான் டெலஸ்கோப்பைச் சுற்றிக்கொண்டு போகும்போது என் முழங்கை, கோணம் குறித்திருக்கும் அளவுத் தட்டில் பட்டது. தட்டைப் பிடித்து நிறுத்துகிற திருகை முடுக்கியிருந்தால் அது அசைந்திருக்காது. முடுக்கவில்லை. ஆறு டிகிரி. ஆறு டிகிரி நகர்ந்தது, எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்வது சரிதானா, ஏதோ அசைந்த மாதிரி தெரிந்தது, காய்ச்சலில் கண் எரிந்தது, விட்டுவிட்டேன். அவர் திரையில் பார்த்ததை அப்படியே எழுதினார். இந்த மஞ்சள் வெளிச்சத்தின் அலைநீளம் என்ன வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, பார்த்து எண்ணைக் கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சரி பண்ணியிருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பண்ணுவார்கள், நான் பண்ணினேன். அந்த மனுஷன் பண்ணவில்லை. மஞ்சள் விளக்குக்குப் பச்சையின் அலைநீளம் வந்தது, அதை அப்படியே எழுதிக் கீழே கோடு போட்டு, கருவியில் தெரிந்தது இது என்று ஒரு வரியும் எழுதி அனுப்பினார். ஏன் எழுதினீர் ஐயா? உமக்கு யார் சொன்னது அப்படி எழுத? சோதனை செய்யாமலே ரீடிங்கை இட்டுக்கட்டினார் என்று முறைகேட்டுக் கோப்பில் ஏற்றினார்கள். ரெண்டு வருஷம் பரீட்சை எழுதத் தடை. பதிவுக்காலமோ முடிந்துவிட்டது. ஆறு வருஷமும் போச்சு.

வலது, ஒரு நிமிடம். இடது, ஒரு நிமிடம். வலது, ஒரு நிமிடம். என்ன வேண்டும் இந்தப் பெண்ணுக்கு, போவதும் வருவதுமாக? ஏப்ரலில் சேர்மக்கனி நேரில் வந்தார். கக்கத்தில் செய்முறை நோட்டு, இஸ்திரி போட்ட சட்டை, காலில் செருப்பில்லை, வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறார், அலுவலகத்துக்கு யார் செருப்பைக் கழற்றுவார்கள். சாரின் மேசைக்கு முன்னால் நின்று நோட்டை விரித்துக் காட்டினார். எனக்கு இப்படித்தான் சார் தெரிஞ்சுது, நான் ஒண்ணும் சேர்க்கலை என்றார். அதையே மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார். சார் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. "மெஷின் பொய் சொல்லாது தம்பி" என்றார். நான் அங்கே இருந்தேன். ரெண்டு டீயோடு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒன்று சாருக்கு, ஒன்று சாரைப் பார்க்க வந்த இன்னொருவருக்கு. மெஷின் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. மெஷின் பொய் சொல்லாது. மெஷின் வாயில் கொழுக்கட்டை. சார் என்னை ஒரு தரம் பார்த்தார், கெஞ்சுகிற பார்வையில்லை, மிரட்டுகிற பார்வையுமில்லை, டீயை வை என்கிற பார்வை. வைத்தேன். சேர்மக்கனி என்னையும் பார்த்தார், நான் ஆய்வகக்காரி என்று அவருக்கு என்ன தெரியும், டீ கொண்டுவருகிற அம்மாள் என்று நினைத்திருப்பார், வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒதுங்கி நின்றார் எனக்கு. பிறகு, சரி சார் என்றார். அவ்வளவுதான். நோட்டை மூடிக்கொண்டு போனார். ஒரு கத்து கத்தியிருக்கலாம். மேசையைத் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருக்க மாட்டேன். அன்றைக்கு வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். உனக்கு எதுக்கு இந்த வம்பு, பெரியவங்க பாடு, வேலையைப் பாரு என்றார், ரசத்துக்குக் கை நீட்டினார். ஊற்றினேன். எல்லோருக்கும் ஏதாவது ஊற்றிக்கொண்டேதான் இருக்கிறேன்.

வலது, ஒரு நிமிடம். இடது, ஒரு நிமிடம். பதினொன்றாவது தடவை. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். விரல் நுனி மரத்துவிட்டது. ரீடிங்கும் எழுதவில்லை, முன்னேயும் போகவில்லை, ஒரே இடத்தில் ஆட்டிக்கொண்டிருக்கிறாள், விளையாடுகிறாளா? இருதயமேரி என்று பெயர் வந்திருக்கிறது திரையில், வயது நாற்பத்தொன்று, தொழில் தையல். நாற்பத்தொன்றில் எதற்கம்மா உனக்கு இயற்பியல், பேசாமல் ஜாக்கெட் தைத்துக்கொண்டு இருக்கலாமே, என் பிராணனை எடுக்காமல். ச்சீ. என்ன பேச்சு இது. இது நடனசபாபதியின் பேச்சு. நாலு மாதம் இருட்டில் உட்கார்ந்தால் அவர் வாய் எனக்கு முளைக்கிறது. வலது, ஒரு நிமிடம். திருகுகிறேன், இந்தத் தடவை கொஞ்சம் அதிகம் போய்விட்டது, கோடு டெலஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியைத் தாண்டி நிற்கிறது. உடனே கட்டளை நிற்கிறது. விளக்கின் ரீங்காரம் மட்டும். பிறகு கீழே, மாணவர்கள் கேள்வி கேட்கிற கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக வருகிறது. உள்ளே யாராவது இருக்கீங்களா? அதற்குக் கீழே: இது மோட்டார் இல்லை, கை. அடுத்த வரி: நான் பதினெட்டு வருசமா பவர் மிஷின்ல தைக்கிறேன், மோட்டார் ஓடுறதுக்கும் கை ஓட்டுறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், மோட்டார் பன்னிரண்டு தடவையும் ஒரே மாதிரி நிக்கும், இது ஒவ்வொரு தடவையும் யோசிச்சு நிக்குது. அதற்குத்தானா? அதற்குத்தான் ஆட்டிப் பார்த்தாளா? நாலு மாதம், இருநூற்று முப்பது பேர், ஒருவருக்கும் தெரியவில்லை, முனைவர் பட்டம் வாங்கினவர்களுக்குத் தெரியவில்லை. யோசிச்சு நிக்குது என்று எழுதியிருக்கிறாள். என் கையைப் பற்றி இதுவரைக்கும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இந்தக் கட்டம் கூடத்துப் பெரிய திரையிலும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ கேட்கிறது, குழுவில் வந்த அம்மாளாக இருக்கும். சார் சிரிக்கிறார். இணைய வேகம் மேடம் என்கிறார், கிராமப்புறத்து மாணவர்கள், சிக்னல் விட்டுவிட்டு வரும், அவர்களுக்கு அது கை மாதிரி தோன்றும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், தூத்துக்குடி என்றைக்குக் கிராமமாச்சு. மேசை மேல் என் போன் உறுமுகிறது, அதில் மேசை அதிர்ந்து கோடு நடுங்குகிறது, கூடத்திலும் நடுங்கியிருக்கும். எடுத்துப் பார்க்கிறேன். எதுவும் தொடாதீங்க, நான் பாத்துக்கறேன் என்று அனுப்பியிருக்கிறார். தொடாதீங்களாம். பிறகு திரையில் அவரே பதில் போடுகிறார், நிர்வாகி என்ற பெயரில். இது முழுமையான தானியங்கி அமைப்பு. தயவுசெய்து சோதனையைத் தொடரவும். பிறகு அவள் ஒரு வார்த்தை போடுகிறாள். சரி. அந்த ஒரு வார்த்தைதான். செருப்பில்லாமல் நின்ற அந்த மனுஷன் சொன்ன அதே வார்த்தை. எங்கே படித்தார்கள் எல்லோரும் இதை, எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், கண்ணால் கண்டதை இன்னொருவன் இல்லை என்றால் சரி என்று சொல்ல? நானும் அங்கேதான் படித்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னபோது சரி மிஸ். ரெண்டு நாள் சமாளிங்க என்றபோது சரி சார். லீவு போட்டாச்சு என்றபோதும் சரி சார். பூட்டுகிறேன் என்றபோதும் சரி சார். அனல் தலைக்கு ஏறுகிறது, இது வயசின் அனலில்லை, இது வேறு. டெலஸ்கோப்பிலிருந்து கையை எடுக்கிறேன். லேப்டாப்பை இழுக்கிறேன். எனக்குத் தட்டச்சு மெதுவாகத்தான் வரும், ஒரு விரலால், அதுவும் நல்லதுதான், ஒவ்வொரு எழுத்தாக அங்கே பெரிய திரையில் விழட்டும்.

கைதான்மா. மோட்டார் எரிஞ்சு நாலு மாசம் ஆச்சு. என் பேர் பொற்கொடி, ஆய்வக உதவியாளர், உள்ளே வச்சுப் பூட்டியிருக்காங்க. அனுப்புகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மைக் நின்றுவிட்டது. போன் உறுமுகிறது, உறுமட்டும், எடுத்துக் கைப்பைக்குள் வளையல்களோடு போடுகிறேன், அங்கே கிடந்து கிணுகிணுக்கட்டும். இன்னும் முடியவில்லை. இதுவரை எழுதினது சுலபம், இதுவரை எழுதினதில் தப்பு அவருடையது. அடுத்ததற்கு விரல் வரமாட்டேன் என்கிறது. மார்ச் மாசம் சேர்மக்கனின்னு ஒருத்தர் இதே சோதனையைச் செஞ்சார். அவர் எதையும் இட்டுக்கட்டலை. அளவுத் தட்டுத் திருகை நான் முடுக்காம விட்டுட்டேன், என் முழங்கை பட்டு ஆறு டிகிரி நகர்ந்துபோச்சு, தெரிஞ்சும் நான் சொல்லலை. தெரிஞ்சும் என்பதை அடித்து எழுதலாமா? தெரியாம என்று போட்டால் பாதித் தப்புக் குறையும். இல்லை. கண்டதைக் கண்டபடி. அனுப்புகிறேன். வேலை போகும். போகட்டும். முதலில் மெமோ வரும், லீவு நாளில் அனுமதியில்லாமல் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன் என்று வரும், வரட்டும், அதற்கும் பதில் எழுதுவேன், நகல் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவேன். நடைபாதையில் செருப்புச் சத்தம். ஒருவர் இல்லை, ரெண்டு மூன்று பேர். என் கை நடுங்கவில்லை. டொக். திரையைப் பார்க்கிறேன். இருதயமேரி எழுதியிருக்கிறாள். சரி அக்கா. எனக்கு வலது பக்கம் இன்னும் பாக்கி இருக்கு. அந்தத் திருகு இப்ப முடுக்கி இருக்கா?

திரும்பி, தட்டின் திருகைத் தொட்டுப் பார்த்தேன். முடுக்கித்தான் இருந்தது. இருந்தாலும் இன்னும் கால் சுற்று முடுக்கினேன். இருக்கு என்று எழுதினேன். வலது, பத்து டிகிரி என்று வந்தது. வலது, பத்து டிகிரி. மறுபடியும் பத்து. மறுபடியும். அவளுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான் நேரம் இருந்தது, அதில் அழுவதற்கோ என்னைத் திட்டுவதற்கோ அவள் ஒரு நொடி செலவு பண்ணவில்லை. அங்கே பூட்டில் சாவி தடுமாறியது, சரியான சாவி எது என்று அவருக்கே மறந்துபோயிருக்கும். கதவு திறந்தது. பகல் வெளிச்சம் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே கொட்டியது, கோடு சுத்தமாக அழிந்துபோயிற்று.

"பொற்கொடி, வெளியே வாங்க" என்றார் சார். மெதுவான குரல், ஆள் இருக்கும்போது வருகிற குரல்.

நான் திரும்பவில்லை. "கதவைச் சாத்துங்க. ரீடிங் எடுத்துட்டிருக்காங்க" என்றேன். வாங்க என்றார் மறுபடியும். உள்ளே வருகிறவர்கள் வரலாம், வெளியே நிற்கிறவர்கள் நிற்கலாம், எதுவானாலும் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். யாரோ உள்ளே வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது, இருட்டு திரும்பி வந்தது, கோடும் வந்தது. பக்கத்தில் நின்றவரிடமிருந்து இருமல் மிட்டாய் வாசனை வந்தது. குழுவில் வந்த அந்த அம்மாள். சார் வெளியே நின்றுவிட்டார் போல. நாலு மாதமாக நான்தானா என்று அந்த அம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். சொன்னேன். பிறகு, மார்ச் மாதத்து மாணவர் என்று எழுதினீர்களே, அவருடைய பதிவு எண் எந்தக் கோப்பில் இருக்கும் என்று கேட்டார். கோப்பு வேண்டாம், எனக்குத் தெரியும், இதை முடித்துவிட்டுச் சொல்கிறேன், பொறுங்கள் என்றேன். பொறுத்தார். வலது, ஒரு நிமிடம். வலது, ஒரு நிமிடம். கோடு வந்து குறுக்குக் கம்பியில் உட்கார்ந்தது. நூற்று ஐம்பத்தொன்பது டிகிரி, முப்பத்தெட்டு நிமிடம் என்று இருதயமேரி கீழே எழுதினாள், சரியாகப் படித்துவிட்டாள். அப்போதுதான் கையை எடுத்தேன். அந்த அம்மாள் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எழுத வெளிச்சமில்லையே என்றார், போன் விளக்கைப் போடட்டுமா என்றார்.

"போடாதீங்க. அவங்களுக்கு இன்னும் ஒரு ரீடிங் இருக்கு" என்றேன். "நான் சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. ரெண்டு மாசமா நான் அப்படித்தான் வச்சிருக்கேன்."

சேர்மக்கனியின் பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன்.